குடல் நோயாளர் சங்கத்தின் புறக்கணிப்பு

மெதுவாகக் குடியுங்கள் தம்பி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஊற்றினால் அத்தனையும் திரும்பி வரும். எலுமிச்சை வாசனை என்று பொட்டலத்தில் போட்டிருப்பான். போட்டவன் குடித்துப் பார்த்ததில்லை. ஒரு டம்ளர், கொஞ்சம் நடை, அப்புறம் இன்னொரு டம்ளர். குடல் கழுவின தண்ணீர் மாதிரி ஆகும்வரை குடித்துத்தான் தீர வேண்டும். வயிறு கூப்பிட்டால் வெட்கப்படாமல் எழுந்து ஓடுங்கள். அதோ, அந்தப் பச்சைக் கதவு. தண்ணீர் வரும், தாழ்ப்பாள் விழும், உள்ளே வாளி இருக்கும். அரசு ஆஸ்பத்திரியில் இதெல்லாம் எப்படி என்று பார்க்கிறீர்களா? அந்தக் கக்கூஸ் நாங்கள் போராடி வாங்கியது.

சிரிக்காதீர்கள். கூலி உயர்வு வாங்கியிருக்கிறேன், போனஸ் வாங்கியிருக்கிறேன், நின்ற இடத்தில் போலீஸ் அடி வாங்கியிருக்கிறேன். எதையும் அந்தக் கக்கூஸுக்கு ஈடாகச் சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் இந்தப் பேதி மருந்தைக் குடித்துவிட்டு அந்தக் கடைசி வார்டுவரை ஓட வேண்டும். பாதி வழியில் நின்றுபோன ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். சுவரைப் பார்த்து நிற்பார்கள். பக்கத்தில் போய் என்ன சொல்வது?

எனக்குப் பெயர் பெத்தணன். தோழர் பெத்தணன் என்றால் திண்டுக்கல் பேகம்பூரில் இன்றைக்கும் வழி காட்டுவார்கள். தோல் பதனிடுகிற ஷாப்புத் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது வருஷம் செயலாளர். பள்ளிக்கூடப் படிப்பு சொற்பம். மீதியெல்லாம் துண்டுப் பிரசுரம். எட்டுப் பக்கத்தில் உலகத்தைச் சொல்லி முடித்துவிடும். முதலாளி யார், அவன் பணம் எங்கிருந்து வந்தது, நாம் என்ன செய்ய வேண்டும். அவ்வளவுதானே விஷயம்? பெரிய புத்தகக்காரர்கள் அதையே ஐந்நூறு பக்கம் இழுப்பார்கள்.

இந்த நோய் எனக்கு வந்தது சங்கத்தில் சுறுசுறுப்பாக இருந்த காலத்தில். பெருங்குடல் முழுக்கப் புண். ரத்தமும் சளியுமாகப் போகும். எப்போது வரும் என்று சொல்ல முடியாது. யாரிடமும் சொல்லவில்லை. மேடை போடும் இடத்தை நானே தேர்வு செய்வேன். 'தலைவர் கூட்டத்துக்கு இடம் பார்ப்பதில் கில்லாடி' என்பார்கள். பக்கத்தில் கட்டணக் கழிப்பிடம் இருக்கிறதா என்று பார்ப்பது யாருக்குத் தெரியும்? ஒரு ஊர்வலத்தில் வேட்டி பாழாகிவிட்டது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது தோல் ஷாப்புதான். சுண்ணாம்புக் குழியும் பச்சைத் தோலும் நாறுகிற நாற்றத்தில் யாருக்கும் யார் நாற்றமும் தெரியாது. நகரசபைத் தேர்தலுக்கு நிற்கச் சொன்னபோது மறுத்தேன். பதவி ஆசை இல்லாத மனிதன் என்று எழுதினார்கள். நல்ல அறைக்குள், மின்விசிறிக்குக் கீழே, மணிக்கணக்கில் உட்கார வேண்டுமே என்கிற பயம்தான் எனக்கு.

கண்டுபிடித்தவள் ஒருத்திதான். அவள்தான் இப்போது அதோ அந்த டெஸ்ட் அறைக் கதவுக்குள் இருக்கிறாள். சூசையம்மாள். உப்புத் தோல் உதறுகிற வேலை செய்தவள். இப்போது சாயங்காலம் பணியாரக் கடை போடுகிறாள். இதே பெஞ்சில் ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பேப்பரைத் தலைகீழா வச்சிருக்கீங்க தலைவரே."

"சும்மா, ஒருத்தரைப் பார்க்க வந்தேன் சூசை."

"நானும் அந்த ஒருத்தரைப் பார்க்கத்தான் வந்தேன். உங்களுக்கு எத்தனை தடவை போகுது?"

அப்படிக் கேட்டாள். பொதுக்குழுவில் வரவு செலவு கேட்கிற குரலில். அவளுக்கும் அதே நோய், நோய் வந்ததில் என்னைவிட இரண்டு வருஷம் மூப்பு. இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு, மூன்று பேர் சேர்ந்தால் சங்கம், அது என் பழக்கம். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே குடல் நோயாளர் நலச் சங்கம் தொடங்கினோம். நான் தலைவர், அவள் துணைத்தலைவி. கோஷம் எழுதினேன். 'எங்கள் குடல் எங்கள் உரிமை.' சூசை படித்துவிட்டுச் சொன்னாள்: "குடல் குடல்னு ரோட்டுல கத்துனா கறிக்கடைக்காரன் வெலை கேட்டு வந்துருவான் தலைவரே." ஆனால் ரோட்டில் நின்று அதையே கத்தினாள். கக்கூஸ் வந்தது.

போகிறீர்களா? போய் வாருங்கள். டம்ளரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டீர்களா? முகம் வெளுத்துவிட்டது. உப்புச் சத்து குறையும், உட்காருங்கள்.

எங்கே விட்டேன்? கக்கூஸ் வந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் அந்தப் பொட்டி. டாக்டர் ரெஹானா உங்களிடமும் சொல்லியிருப்பார். இந்தப் புண் பல வருஷம் குடலில் இருந்தால், அந்தத் தழும்புக்குள் புற்று முளைக்கலாம். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையோ, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையோ கேமராக் குழாயை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பிழைப்பு. அதெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. போன வருஷம் கேமராத் திரைக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். செயற்கை நுண்ணறிவு. டாக்டர் பார்க்கும்போது அதுவும் சேர்ந்து பார்க்குமாம். சந்தேகமான இடத்தில் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டுமாம்.

அந்த டாக்டரம்மா நல்லவர், அதை மறைக்க மாட்டேன். எங்கள் ஐந்து பேர் கமிட்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துப் பேசினார். "இது நல்லாப் பார்க்கும், ஆனா உங்க மாதிரி குடலை இதுக்குத் தெரியாது. சாதாரண ஆளுங்களுக்கு வர்ற கட்டி காளான் மாதிரி தூக்கி நிக்கும். அதைத்தான் இதுக்குக் காட்டிப் பழக்கியிருக்காங்க. உங்களுக்கு வர்றது ஓதம் ஏறுன சுவர் மாதிரி தட்டையா இருக்கும், புண்ணோட புண்ணாக் கலந்திருக்கும். அதனால நீங்க சம்மதிச்சா, டெஸ்ட் செய்யும்போது படத்தைச் சேமிச்சு அதுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். பேர் இருக்காது, முகம் இருக்காது."

முகம் இருக்காதாம். குடலில் முகம் எங்கே இருக்கும்?

நான் எழுந்தேன். கேள்விகள் கேட்டேன். எங்கள் குடலைப் பார்த்துப் பாடம் படிக்கிற பொட்டி நாளைக்கு யாருக்குச் சொந்தம்? அதை எவன் விற்பான்? எங்களுக்கே திருப்பி என்ன விலைக்கு விற்பான்? நாங்கள் கொடுத்தோம் என்பதற்கு எங்கே கணக்கு? நியாயமான கேள்விகள் தம்பி. இன்றைக்கும் சொல்கிறேன், நியாயமான கேள்விகள். டாக்டரம்மாவும் மழுப்பவில்லை. "எனக்கும் தெரியலை. மேல கேட்டு எழுதி வாங்கித் தர்றேன்" என்றார்.

"எழுத்தில் வரட்டும். அதுவரை புறக்கணிப்பு" என்றேன்.

"படம் எடுக்க வேண்டாம்னா எடுக்கலை. பொட்டியை மூடி வைக்கச் சொன்னாலும் மூடி வைக்கிறேன். டெஸ்ட்டை மட்டும் தள்ளிப் போடாதீங்க. அது வேற, இது வேற."

அது வேற, இது வேற. இந்த வார்த்தையை முதலாளிகள் வாயில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! சாயப் பிரிவு மட்டும் நிற்கட்டும், தோல் உதறுகிற பிரிவு ஓடட்டும், அது வேற, இது வேற என்பான். பாதி நின்றால் போராட்டம் செத்துவிடும். கேட்டுக்கு உள்ளே ஒருத்தன் போனாலும் அது போராட்டம் இல்லை. ஆகவே அந்த அறைக்குள் எங்கள் சங்கத்தார் ஒருவரும் போவதில்லை, எந்த டெஸ்ட்டுக்கும் போவதில்லை என்று அறிவித்தேன். கமிட்டி ஒருமனதாக ஏற்றது. சூசைதான் வழிமொழிந்தாள். அவளுக்கு அடுத்த வாரம் டெஸ்ட் நாள் குறித்திருந்தது.

அன்றைக்கு டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

குடியுங்கள், குடியுங்கள், நீங்கள் சங்கத்தில் இல்லை, உங்களை அந்தத் தீர்மானம் கட்டாது. நான் பேசிக்கொண்டே இருப்பேன், நீங்கள் குடித்துக்கொண்டே இருங்கள்.

பதில் வரவில்லை. ஆடி போய் ஐப்பசி வந்தது. போராட்டம் கட்டுக்கோப்பாக நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு ஆள் உடையவில்லை. என் அனுபவத்தில் அப்படி ஒரு ஒற்றுமையைப் பார்த்ததில்லை. குழாய் விடுகிற டெஸ்ட்டுக்குப் போகாதே என்றால் யாருக்குத்தான் கசக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அது எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளி முடிந்ததும் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. புண் கிளம்பும்போது போகிற ரத்தம் எனக்குத் தெரியும். இது வேறு நிறம்.

அதன்பிறகு நான் ஒரு கள ஆய்வுக்குப் போனேன்.

ஆமாம், கள ஆய்வுதான். எதிரியின் ஆயுதத்தை நேரில் பார்க்காமல் எதிர்ப்பது அறிவீனம் என்று பிரசுரங்களிலேயே இருக்கிறது. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதே மாதிரி பொட்டி இருக்கிறதென்று கேள்விப்பட்டேன். பஸ் ஏறினேன். பெயர் கேட்டார்கள், மாயாண்டி என்றேன். என் அப்பா பெயர். தலைமறைவு வாழ்க்கையில் பெயர் மாற்றுவது எங்கள் இயக்கத்தில் வழக்கம்தான், பெரிய பெரிய தலைவர்கள் எல்லாம் மாற்றியிருக்கிறார்கள்.

இந்த மருந்தைத்தான் அங்கேயும் குடித்தேன். அப்புறம் ஒரு அங்கி கொடுத்தார்கள், பின்பக்கம் முழுக்கத் திறப்பு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சில்லென்று இருந்தது ஸ்டூல். ஒரு பெண் வந்தது, சின்ன வயசு, என் பேத்தி வயசு இருக்கும். "ஐயா, உங்க வீடியோவைப் படிப்புக்குப் பயன்படுத்திக்கலாமா? இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்" என்று ஒரு தாளை நீட்டியது.

இங்கே டாக்டரம்மாவிடம் நான் கேட்ட கேள்வி அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பின்னால் திறந்த அங்கியோடு உட்கார்ந்திருப்பவன் என்ன கோரிக்கை வைக்க முடியும் தம்பி? வேண்டாம் என்று சொன்னால் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்று இருந்தது. பேனா எங்கே என்றுதான் கேட்டேன். மாயாண்டி என்று போட்டேன்.

மயக்கம் பாதிதான் பிடித்தது. திரை தெரிந்தது. முப்பது வருஷம் ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் பார்த்தவன், என் உள்தோலை அப்போதுதான் பார்க்கிறேன். ரோஜா நிறமாக இருந்தது. அசிங்கமாக இல்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். பச்சைக் கட்டம் வந்தது. நுரையைப் பார்த்து ஒரு கட்டம், பழைய தழும்பைப் பார்த்து ஒரு கட்டம், ஒன்றும் இல்லாத மடிப்பைப் பார்த்து ஒரு கட்டம். தெருநாய் மாதிரி எல்லாவற்றையும் பார்த்துக் குரைத்தது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! பார், முட்டாள் இயந்திரம்! நான் சொன்னேனா இல்லையா? குழாய் உள்ளே இருக்கும்போதே அடுத்த துண்டறிக்கைக்குத் தலைப்பு யோசித்துவிட்டேன்.

அப்போது அந்த டாக்டர் கையை நிறுத்தினார். கட்டம் எதுவும் இல்லாத இடம். பொட்டி சும்மா இருந்தது. அவர் திரைக்குக் கிட்டே குனிந்தார். நீலச் சாயத்தைத் தெளிக்கச் சொன்னார். சாயம் பரவினதும் அங்கே ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி தெரிந்தது, துணியில் கஞ்சி சிந்திக் காய்ந்த மாதிரி. எனக்கே தெரிந்தது.

அப்புறம் அதை எடுத்தார்கள். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை, ஆகப் போவது. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். முடிவு வாங்கப் போன அன்றைக்கு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"பொட்டி இதைத் தவறவிட்டுருச்சு பாத்தீங்களா? உங்க மாதிரி குடலை அதுக்கு யாரும் அதிகமாக் காட்டலை. காட்டுனாத்தானே பழகும்? திண்டுக்கல்ல இந்த நோய்க்காரங்க நிறைய இருக்காங்க. ரெஹானா மேடம் கேட்டுப் பார்த்தாங்களாம். அங்க ஏதோ சங்கமாம், டெஸ்ட்டுக்கே யாரும் வரக் கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்காங்களாம். யாருங்க அந்தத் தலைவர், உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். மாயாண்டிக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். தலைவன் உயிரோடு இருந்தால்தானே போராட்டம் என்று யோசித்தேன். சரியாகத்தான் இருந்தது. திண்டுக்கல்லில் இறங்கினதும் சரியாக இல்லை.

நேரே சூசை கடைக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கைக் கையில் இன்னொரு கை நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு.

"என்ன சூசை, இப்படி மெலிஞ்சுட்ட?"

"எல்லாரும் காசு குடுத்து மெலியிறாங்க. எனக்குச் சும்மா கெடைக்குது. பணியாரம் சாப்பிடுங்க."

"ஒரு நடை போய் டெஸ்ட் பார்த்துட்டு வந்துரேன்."

"எங்க, அந்த ரூமுக்கா? பதில் எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"பின்ன? ஆமா, நீங்க பார்த்தீங்களா? உங்களுக்கும்தான் வருஷம் தாண்டிருச்சு."

தம்பி, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பணியாரம் வாயில் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்புறம் எனக்கு மட்டும் என்ன உசுரு வெல்லமா?" என்றாள். சிரித்தாள். அடுத்த ஈட்டுக்கு மாவை ஊற்றினாள்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கிற மாதிரி பார்க்கிறீர்கள். உங்களுக்குக் கருங்காலி என்றால் என்னவென்று தெரியாது. மரம் என்று நினைப்பீர்கள். எங்களுக்கு அது மனிதன். எல்லாரும் வெளியே நிற்கும்போது உள்ளே போகிறவன். எங்கள் பெரிய வேலைநிறுத்தத்தில் சவரிமுத்து என்று ஒருத்தன் உள்ளே போனான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றான். யாருக்குத்தான் இல்லை? சில வருஷம் கழித்து அவன் செத்தபோது நான் போகவில்லை, ஒருத்தரையும் போக விடவில்லை. சவப்பெட்டி தூக்க வெளியூரிலிருந்து ஆள் வந்தது. அப்படி இருந்தது எங்கள் கட்டுப்பாடு. சூசை மட்டும் கொல்லை வழியாகப் போய் அழுதுவிட்டு வந்தாள் என்று பிறகு தெரிந்தது. கமிட்டியில் விசாரித்தேன். "செத்தவன் இனி எந்தக் கேட்டுக்குள்ள போகப் போறான் தலைவரே?" என்றாள். அபராதம் போட்டேன். கட்டினாள்.

அவளிடம் போய் நான் எப்படிச் சொல்வது?

வேறு வழி பார்த்தேன். டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். ஏதாவது ஒரு வரி எழுதிக் கொடுங்கள், கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று போட்டால்கூடப் போதும், அதை வெற்றி என்று அறிவித்துப் போராட்டத்தை முடித்துவிடுகிறேன் என்றேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பரிசீலனையில இல்லையே ஐயா. மூணு தடவை எழுதிட்டேன், மேலேருந்து பதிலே வரலை. நான் பொய் எழுத மாட்டேன். நீங்க சூசையம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அது போதும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு சின்ன வரி. எழுதினால் என்ன குறைந்துவிடும்? இந்த அதிகாரிகளுக்கு மனிதாபிமானமே கிடையாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன்.

போய் வருகிறீர்களா? சீக்கிரம் போங்கள்.

தெளிவாகப் போகிறதா? மஞ்சளாக, தண்ணீர் மாதிரி? அப்படியென்றால் சரி. நீங்கள் தயார்.

உங்களுக்கும் அந்தத் தாளை நீட்டுவார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கேள்வி கேளுங்கள். வேட்டியோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

போன வாரம் சூசை கடையில் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, அடுப்புப் பக்கம் விழவில்லை. சேலையெல்லாம் ரத்தம். அவள் மகள் ஜெசிந்தா சங்க அறைக்கே வந்துவிட்டது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

"பெரியப்பா, உங்க சங்கத்துக்கு எங்கம்மா எதுக்கு? சவத்துக்கும் உறுப்பினர் அட்டை குடுப்பீங்களா?"

"அப்படிப் பேசாதம்மா. அவளை நான் தடுக்கலையே. போகச் சொன்னேனே."

"போகச் சொன்னீங்க. நீங்க போகாம இருந்துக்கிட்டுப் போகச் சொன்னீங்க. எங்கம்மா போகுமா?"

அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். தெரியவில்லை. நான் போகவில்லை என்றுதான் அதுவும் நம்பியிருந்தது. அந்த நேரத்தில், இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

அழுது மிரட்டி ஜெசிந்தாதான் இன்றைக்கு அவளை இழுத்து வந்திருக்கிறது. அதற்காக மருந்தையும் குடித்துவிட்டாள் சூசை. ஆனால் காலையில் இந்த வழியாகப் போகும்போது என் முன்னால் நின்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "பிள்ளைக்காக வந்தேன் தலைவரே. மருந்து குடிக்கக் கூடாதுன்னு தீர்மானத்துல இல்லை. ஆனா கமிட்டி சொல்லாம டெஸ்ட் மேசையில ஏற மாட்டேன்." நான் எழுதின தீர்மானத்தை என்னைவிட நன்றாக அவள் படித்திருக்கிறாள். இவ்வளவு நேரமாக டாக்டரம்மா உள்ளே அவளிடம் பேசிக்கொண்டிருக்கிறார். நான் இங்கே உட்கார்ந்து உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை ஏறிவிட்டாளோ என்னவோ. ஏறியிருப்பாள். எவ்வளவு நேரம்தான்…

கதவு திறக்கிறது. ஜெசிந்தாதான்.

என்னம்மா? படுத்துட்டாளா?

ஏறலையா? பொட்டியை மூடி வைக்கிறேன்னு டாக்டரம்மா சொல்லலையா? சொல்லியுமா? அறிவிச்ச போராட்டத்துல பாதி கிடையாதுன்னு சொல்றாளா…

அடுத்த ஆளைக் கூப்பிடப் போறாங்களா? இன்னைக்கு விட்டா எப்போ? அவ்வளவு நாளா? அதுவரைக்கும் அவ உடம்பு…

சரி, சரி, அழாத. போய்ச் சொல்லு, தலைவர் வாபஸ் வாங்கிட்டார்னு சொல்லு. இப்பவே, இந்த நிமிஷமே வாபஸ்னு சொல்லு. போ.

பார்த்தீர்களா தம்பி, ஒரு வார்த்தை. முடிந்தது. இதற்காகவா இத்தனை மாதம்… டாக்டரம்மாகூடச் சந்தோஷப்படுவார். இனி அவள் ஏறிவிடுவாள். பதில் வராவிட்டால் என்ன, வேறு வடிவத்தில் போராட்டம் தொடரும் என்று ஒரு அறிக்கை விடலாம்.

ஏன் திரும்ப வருகிறது?

என்ன கேட்டா? கமிட்டி எப்ப கூடுச்சுன்னா? அவ இல்லாம எப்படிக் கூடுச்சுன்னு கேக்குறாளா. தலைவர் தனியா வாபஸ் வாங்க விதி இல்லைன்னு… ஆமா. இல்லைதான். நான் எழுதுனதுதான்.

நில்லு ஜெசிந்தா. நில்லும்மா. இரு, சொல்றேன்.

அவகிட்டப் போய்ச் சொல்லு. வாபஸ் இல்லைன்னு சொல்லு. போராட்டமே இல்லைன்னு சொல்லு. அது தீபாவளி முடிஞ்சதுமே உடைஞ்சு போச்சு. யாரு உடைச்சான்னு கேப்பா. கேட்டா, பெத்தணன்னு சொல்லு. தலைவர்னு சொல்லாத, பேரைச் சொல்லு. மதுரையில போய்ப் படுத்தான்னு சொல்லு. பொட்டி ஓடுச்சுன்னு சொல்லு. படம் எடுக்கக் கையெழுத்துப் போட்டான், அதையும் சொல்லு. அவன் குடல்ல இருந்ததை எடுத்துட்டாங்க. அவன் பிழைச்சுட்டான். உன் கடையில உக்காந்து பணியாரம் தின்னுக்கிட்டே இல்லைன்னு தலையாட்டுனான்னு சொல்லு.

என்னை என்ன பார்க்கிற? போம்மா. டாக்டரம்மா காதுல விழுந்தாலும் பரவாயில்லை. சத்தமாவே சொல்லு.

போய்விட்டது.

ஒன்றும் கேட்கவில்லை, இல்லையா? உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா? அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கெட்ட வார்த்தை நன்றாகப் பேசுவாள், உப்புத் தோல் உதறினவள். கத்தினால் நன்றாக இருக்கும்.

ஜெசிந்தா, என்னம்மா?

ஏறிட்டாளா. படுத்துட்டாளா. பொட்டி… அதுவும் ஓடட்டும்னு அவளே சொல்லிட்டாளா.

வேற ஒண்ணும் சொல்லலையா? எனக்கு? சொல்லு, பரவாயில்லை.

சரி. சரிம்மா. நீ உள்ள போ, கூட இரு. நான் போறேன்.

தம்பி, அந்தத் தோளைக் கொஞ்சம் கொடுங்கள், எழுந்திருக்க வேண்டும். அவள் வெளியே வரும்போது இந்தப் பெஞ்சில் நான் இருக்கக் கூடாதாம். நியாயம்தான். ஒரு உதவி செய்யுங்கள். மயக்கம் தெளியாமல் வருவாள், அந்தப் பெண் ஒருத்தியால் தாங்கிப் பிடிக்க முடியாது. உங்கள் முறை வருவதற்குள் அவள் வந்துவிட்டால் ஒரு கை கொடுங்கள். உள்ளே என்ன பார்த்தார்கள் என்று ஜெசிந்தாவிடம் மெதுவாகக் கேளுங்கள். நல்ல சேதியாக இருந்தாலும் கெட்ட சேதியாக இருந்தாலும் வந்து சொல்லுங்கள். நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே, எதிர்ப்பக்கம் நிற்கிறேன். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். சும்மா கையைத் தட்டினால் போதும், திரும்பிப் பார்ப்பேன்.